வருந்தி ஈனும் பசு

பசுவின் வயிற்றில் ஒன்பது மாதமும் ஏறக்குறையப் பத்து நாளும் வளர்ந்து முதிர்ந்த கன்று, உலகத்தைக் காண்பதற்காகக் கடந்து வர வேண்டிய வழி ஒன்றரை முழத்துக்கு மிகாது. ஆனால் அந்தச் சிறிய தூரத்தின் நடுவே, இடுப்பெலும்புகள் கூடி அமைத்த வளையம் ஒன்று இருக்கிறது. முதலில் நெற்றியும், அடுத்துத் தோள்களும் மார்பும், கடைசியில் கன்றின் இடுப்பும் அந்த வளையத்துள் நுழைந்து வெளிவந்தாக வேண்டும். தசையும் தோலும் நெகிழ்ந்து இடம் கொடுக்கும். எலும்போ ஓரளவுக்கு மேல் கொடுக்காது. ஆகவே தாயின் வளையம் எவ்வளவு அகலம், கன்றின் உடல் எவ்வளவு பருமன், அது எந்த நிலையில் வந்து நிற்கிறது, பின்னிருந்து தள்ளும் கருப்பையின் வலிமை எத்தகையது என்னும் நான்கு விஷயங்களும் ஒன்றோடொன்று இசைந்து நின்றால் பிரசவம் சுகமாக முடிகிறது. அவற்றுள் ஒன்று பிசகினாலும் தாய்க்கும் கன்றுக்கும் உயிர்ச்சங்கடம் நேர்கிறது.

ஒரே ஒரு கறவை மாட்டை வைத்துக்கொண்டு, காலையும் மாலையும் சொசைட்டியில் பால் ஊற்றி, அந்தப் பணத்தில் பிள்ளைகளின் பள்ளிச் செலவையும் மளிகைக் கடனையும் சமாளிக்கும் குடும்பங்கள் தமிழ்நாட்டில் எண்ணற்றவை. அத்தகைய வீட்டில் பசு ஈன முடியாமல் தவிக்கும் இரவு எவ்வளவு கொடியது என்பதை அதைக் கண்டவர்களே அறிவார்கள். கொட்டகையில் கூடுகிறவர்கள் கன்று மாறிக் கிடக்கிறது என்றும், மாட்டுக்குத் தெம்பு போதாது என்றும், வேளை சரியில்லை என்றும் ஆளுக்கொரு காரணம் சொல்வார்கள். அவற்றில் உண்மை இல்லாமலில்லை. ஆனாலும் அந்த இரவின் துன்பத்துக்குக் காரணமானவற்றுள் பெரும்பாலானவை கன்று கருவில் தரித்த நாளிலேயோ, இன்னும் முந்தி, தாய்ப்பசு தானே ஒரு கன்றாய்த் தொழுவத்தில் வளர்ந்த காலத்திலேயோ தீர்மானமாகிவிட்டவை. முன்னமே செய்ய வேண்டியதைச் செய்தவனுக்கு அந்த இரவில் மிஞ்சும் வேலை சொற்பம். செய்யாதவனுக்கு எத்தனை பேர் கூடி இழுத்தாலும் போதாது.

காங்கேயமும் உம்பளச்சேரியும் பர்கூரும் புலிக்குளமும் ஆகிய நம் நாட்டு இனங்களில், மேயப் போன இடத்திலேயே பசு தனியே ஈன்று, கன்றை நக்கி எழுப்பி நிறுத்திவிடுவது கிராமத்தார் பலமுறை கண்ட காட்சி. அவை ஈனும் கன்றுகள் சிறியவை. தாயின் உடலுக்கும் கன்றின் உடலுக்கும் உள்ள பொருத்தம் பல தலைமுறைகளாகக் காட்டிலும் மேட்டிலும் சோதிக்கப்பட்டு நிலைத்தது. பால் வேண்டும் என்ற தேவை பெருகியபோது, குறைவாகக் கறக்கும் பசுக்களை அயல்நாட்டுக் காளைகளோடு கலக்கும் முயற்சி பிறந்தது. 1939ஆம் ஆண்டு மைசூர் அரண்மனைப் பால்பண்ணையில் சம்பத்குமாரன் என்பவர் செயற்கைக் கருவூட்டலை இந்தியாவில் முதன்முதலாகச் செய்து காட்டினார். பிற்காலத்தில், சைபருக்குக் கீழே 196 டிகிரிக் குளிர்ச்சியுள்ள திரவ நைட்ரஜனில் விந்துக் குச்சிகளை ஆண்டுக்கணக்கில் காத்து வைக்கும் முறை பரவியதும், எங்கோ மலைமேல் நிற்கும் காளை ஒன்று ஆயிரம் கிராமங்களில் கன்றுகளுக்குத் தகப்பனாக முடிந்தது. பால் பெருகியது என்பதில் சந்தேகமில்லை. ஆனால் தாயையும் தகப்பனையும் பொருத்தம் பார்த்துச் சேர்க்கும் பொறுப்பு, இயற்கையின் கையிலிருந்து சினை ஊசி போடுகிறவர் கைக்கும் மாட்டுக்காரர் கைக்கும் மாறியது.

ஆங்கிலக் கால்வாயில் உள்ள சிறு தீவில் தோன்றிய ஜெர்சி, அயல்நாட்டுக் கறவை இனங்களில் உடலால் சிறியது. அதன் கன்று பிறக்கும்போது 25 கிலோ அளவில் இருக்கும். நெதர்லாந்திலும் வட ஜெர்மனியிலும் உருவான ஹோல்ஸ்டீன் பிரீசியனோ பெரிய மாடு. அதன் கன்று 40 கிலோ வரை எடை உள்ளது. தமிழ்நாட்டின் சமவெளிக்கு ஜெர்சியும், நீலகிரி போன்ற குளிர்ந்த மலைப்பகுதிகளுக்குப் பிரீசியனும் என்று கால்நடைத்துறை வகுத்த கொள்கைக்கு வெயிலைத் தாங்கும் சக்தி பிரதான காரணமானாலும், பிரசவத்தை எண்ணிப் பார்க்கும்போதும் அது அறிவுடைய ஏற்பாடே. கறுப்பும் வெள்ளையுமான மாடு குடம் குடமாய்க் கறக்கும் என்ற ஆசையால், மெலிந்த சிறு பசுவுக்கும் பிரீசியன் ஊசியே வேண்டும் என்று பிடிவாதம் செய்கிறவர்கள் இந்த 15 கிலோ வித்தியாசம் எந்த வளையத்தின் வழியாக வர வேண்டும் என்பதை ஒரு கணம் நினைத்துப் பார்க்க வேண்டும்.

இங்கே ஒரு நியாயமான கேள்வி எழும்: பெரிய காளையின் வித்துச் சிறிய பசுவில் விழுந்தால், கன்று எப்போதுமே தாயை மீறி வளர்ந்துவிடாதா? இதற்கு விடை தேடிக் கேம்பிரிட்ஜில் வால்ட்டன், ஹேமண்ட் என்ற இரு விஞ்ஞானிகள் குதிரைகளில் செய்த பரிசோதனையை 1938இல் வெளியிட்டார்கள். ஷயர் என்னும் பேருருவக் குதிரையையும் ஷெட்லாண்ட் என்னும் குள்ளக் குதிரையையும் அவர்கள் இருவகையாகவும் கலந்தார்கள். பெரிய தாயின் வயிற்றில் பிறந்த கலப்புக் குட்டி, சிறிய தாயின் வயிற்றில் பிறந்த கலப்புக் குட்டியைப்போல் ஏறக்குறைய மூன்று மடங்கு எடையுடன் இருந்தது. இரண்டுக்கும் பரம்பரைக் கலப்பு ஒன்றாகவே இருந்தும், தாயின் கருப்பை தன் அளவுக்கு ஏற்பக் குட்டியை அடக்கி வளர்த்திருக்கிறது. மாடுகளிலும் இந்த அடக்கும் சக்தி உண்டு. திமிலுள்ள இந்திய இனப் பசுக்களிடம் அது விசேஷமாகவே காணப்படுகிறது. கலப்பினத் திட்டம் பெரும் விபத்தாக முடியாமல் காத்தது இந்தத் தாய்மை வரம்பு என்று சொல்வது மிகையாகாது. எனினும் அது பூரணமான காவலன்று. தகப்பனின் அம்சமும் கன்றின் பருமனில் பேசவே செய்கிறது; தலைமுறைக்குத் தலைமுறை அயல்நாட்டு இரத்தம் ஏற ஏற, கன்றின் எடையும் ஏறுகிறது. அயல்நாட்டு இரத்தத்தைப் பாதி அளவிலோ அதற்குச் சற்று மேலோ நிறுத்த வேண்டும் என்று கால்நடை அறிஞர்கள் வற்புறுத்துவதற்கு இதுவும் ஒரு முகாந்திரம்.

ஒரே இனத்துக்குள்ளும் காளைக்குக் காளை வேற்றுமை உண்டு. சில காளைகளின் கன்றுகள் தலை சிறுத்துத் தோள் ஒடுங்கிச் சுலபமாக வழுவி வரும். சிலவற்றின் கன்றுகள் தோள் அகன்று வந்து வழியடைக்கும். அமெரிக்காவிலும் ஐரோப்பிய நாடுகளிலும் ஒவ்வொரு பிரசவத்தையும் உதவியின்றி நடந்தது முதல் மிகக் கடினமானது வரை பல படிகளாகப் பதிவுசெய்து, அந்தப் பதிவுகளைக் கூட்டிக் கணக்கிட்டு, எந்தக் காளையின் கன்றுகள் தலையீற்றுக் கிடேரிகளுக்கு எத்தனை விழுக்காடு சிரமம் தருகின்றன என்று வெளியிடுகிறார்கள். கிடேரிகளுக்கென்றே சுலபப் பிரசவக் காளைகளைத் தெரிந்தெடுப்பது அங்கே சாதாரண வழக்கம். இதிலும் ஒரு நுட்பம் இருக்கிறது. சிறிய கன்றுகளையே தரும் காளையை இடைவிடாமல் பயன்படுத்தி வந்தால், அந்தச் சிறிய பெண் கன்றுகள் வளர்ந்து தாமே ஈனும்போது, அவற்றின் இடுப்பும் சிறிதாய் இருக்கக்கூடும். இன்றைய தாய்க்குச் செய்த உபகாரம் நாளைய மகளுக்குச் சங்கடமாகலாம். ஆதலால் நல்ல பதிவேடுகள் காளையின் கன்றுகள் பிறக்கும் சுலபத்தையும், அந்தக் காளையின் மகள்கள் ஈனும் சுலபத்தையும் தனித்தனியே எழுதி வைக்கின்றன. நம் ஊர்களில் விந்துக் குச்சியின்மேல் அச்சிட்ட காளை எண்ணைக்கூடக் குறித்து வைப்பார் அரிது. ஒரு நோட்டுப் புத்தகத்தில் அந்த எண்ணையும் ஊசி போட்ட தேதியையும் எழுதிவைப்பதற்குக் காசு செலவில்லை. தேதி தெரிந்தால் ஏறக்குறைய 280 நாள் கழித்து வரும் பிரசவத்தை எதிர்பார்த்து ஆயத்தமாக இருக்கலாம், நாள் கடந்து போனால் வைத்தியரைக் கேட்கலாம்.

காளைக் கன்று பெண் கன்றைவிட ஓரிரு கிலோ கனமானது; வயிற்றில் ஒரு நாள்போல் கூடுதலாகவும் தங்குகிறது. ஆகையால் ஆண் கன்று சுமக்கும் தலையீற்றுக் கிடேரிக்கு ஆபத்து சற்று அதிகம். பத்தில் ஒன்பது பங்கு பெண் கன்றே பிறக்கும்படி பிரித்தெடுத்த விந்து இப்போது கிடைக்கிறது. அதைப் பெரும்பாலோர் பாலுக்காக விரும்பினாலும், கிடேரியின் பிரசவம் இலகுவாவது அதன் இன்னொரு நன்மை. இரட்டைக் கன்றுகள் தனித்தனியே சிறியவைதாம். ஆனால் இரண்டும் ஒரே சமயத்தில் வாயிலுக்கு வந்து, ஒன்றின் காலும் மற்றொன்றின் தலையும் பின்னிக்கொண்டு வழியை அடைத்துவிடும். அவசரத்தில் இருவேறு கன்றுகளின் கால்களைச் சேர்த்துக் கட்டி இழுத்துப் பெரும் கேடு விளைவித்தவர்களும் உண்டு.

இனி, எல்லாவற்றிலும் முக்கியமானதாக நான் கருதும் விஷயத்துக்கு வருகிறேன். மூத்த பசுக்களோடு ஒப்பிட்டால், தலையீற்றுக் கிடேரிகளில் கடினப் பிரசவம் இரண்டு மூன்று மடங்கு மிகுதி. கிடேரி உயரத்தில் பசுவைப்போல் தோன்றினாலும், அதன் இடுப்பெலும்பு வளர்ந்து முடிவதற்கு இன்னும் ஆண்டுகள் வேண்டும். உடல் உறுப்புகளில் தாமதமாக முதிர்வது அதுவே. நன்றாய்த் தீனி தின்ற கலப்பினக் கிடேரி ஒரு வயது நிரம்புமுன்னரே பருவத்துக்கு வந்துவிடும். அது கத்துவதைக் கேட்டதும் ஊசி போட்டுவிட்டால், இன்னும் குழந்தையாயிருக்கும் உடலின்மேல் தாய்மையைச் சுமத்தியவர்கள் ஆகிறோம். மேய்ச்சலில் திரியும் பொலிகாளை அதைச் சேர்ந்துவிடுவதும் நடக்கிறது. முதிர்ந்த பசுவின் எடையில் நூற்றுக்கு 60 முதல் 65 பங்கை எட்டிய பின்னரே கிடேரியைச் சினைப்படுத்த வேண்டும் என்பது உலகெங்கும் ஒப்புக்கொண்ட விதி. நம் ஜெர்சிக் கலப்புக் கிடேரிக்கு அது 220 முதல் 250 கிலோ வரை ஆகும். எடைமேடை இல்லாத வீட்டில் ஒரு நாடா போதும்: முன்னங்கால்களுக்குப் பின்னே மார்பின் சுற்றளவை அங்குலத்தில் எடுத்து, அதை அதாலேயே பெருக்கி, தோள்முனையிலிருந்து பிட்டத்து எலும்பு வரையுள்ள நீளத்தாலும் பெருக்கி, 660ஆல் வகுத்தால் எடை கிலோவில் கிடைக்கும். 60 அங்குலச் சுற்றளவும் 48 அங்குல நீளமும் உள்ள கிடேரி ஏறக்குறைய 260 கிலோ இருக்கும். அதற்குத் தயக்கமின்றி ஊசி போடலாம்.

தீனி விலையும் வட்டியும் நெருக்கும்போது, கிடேரி சீக்கிரம் கறவைக்கு வர வேண்டும் என்று ஏழைக் குடியானவன் துடிப்பதை நான் குறை சொல்ல மாட்டேன். ஆனால் மூன்று மாதம் பொறுக்க மாட்டாமல் கன்றையும், சில வேளை கிடேரியையும் இழக்கும்போது, அந்த மூன்று மாதத்துத் தீனிக்குமேல் பல மடங்கு நஷ்டம் அவன் தலையில் விழுகிறது. கடினப் பிரசவத்தைத் தடுக்கும் வேலை உண்மையில் பெண் கன்றின் முதல் வருஷத்துத் தீனித்தொட்டியில் தொடங்குகிறது. பால் மறந்த கன்றைக் காய்ந்த வைக்கோலிடம் ஒப்படைத்துவிட்டு, கறக்கும் மாட்டுக்கே தவிடும் புண்ணாக்கும் வைக்கும் வழக்கத்தால் வளர்ச்சி குன்றிய கிடேரிகளுக்கு, இடுப்பு வளையமும் குன்றியே போகிறது. பின்னால் எவ்வளவு ஊட்டினாலும் அந்தக் குறை முழுதும் தீராது. இதற்கு மாறாக, வெகுநாள் சினைப்படாமல் கொழுத்துப்போன கிடேரிக்கு வேறொரு தொல்லை: கொழுப்பு இடுப்புக் குழியின் உட்புறத்திலும் படிந்து, இருக்கிற வழியையும் குறுக்கிவிடுகிறது.

மாட்டின் பின்புற அமைப்பைப் பார்த்து வாங்குவது அனுபவசாலிகளின் வழக்கம். இடுப்பு முனை எலும்புகளிலிருந்து வாலடிப் பக்கமுள்ள எலும்புகளை நோக்கி முதுகு இலேசாகச் சரிந்திருப்பதும், அந்தப் பின் எலும்புகள் ஒன்றுக்கொன்று நன்றாய் விலகியிருப்பதும் கன்று வரும் பாதைக்கு அனுகூலம்; வாலடி உயர்ந்து நிற்கும் மாட்டில் பாதையின் கோணம் கெடுகிறது.

சினை மாட்டின் தீனியைப் பற்றி ஊரில் நிலவும் ஒரு கருத்தை மறுத்தே ஆக வேண்டும். கடைசி மாதங்களில் தீனியைக் குறைத்தால் கன்று சிறுத்துப் பிரசவம் சுலபமாகும் என்று சிலர் நம்புகிறார்கள். பிறக்கும்போது கன்றுக்கு உள்ள எடையில் மூன்றில் இரண்டு பங்கு கடைசி மூன்று மாதத்தில்தான் ஏறுகிறது என்பது மெய்யே; அதனால் இந்த எண்ணம் நியாயமாகத் தோன்றுகிறது. ஆனால் தாயைப் பட்டினி போட்டால், தாய் தன் தசையையும் கொழுப்பையும் கரைத்துக் கன்றுக்குக் கொடுத்துவிடுகிறது. கன்றின் எடை குறைவது சொற்பம். தாயின் வலு குறைவதோ ஏராளம். முக்கித் தள்ளச் சக்தியில்லாத தாயும், எழுந்து நிற்கத் திராணியில்லாத கன்றும், தரம் குறைந்த சீம்பாலும் அந்தச் சிக்கனத்தின் பலன்கள். விலா எலும்புகள் துருத்தித் தெரியாமலும், வாலடியில் கொழுப்புத் திரளாமலும், நடுத்தரமான புஷ்டியோடு மாடு ஈற்றுக்கு வர வேண்டும்.

மூன்றாம் நான்காம் ஈற்றைக் கடந்த நல்ல கறவைப் பசுக்களில், முக்கியமாக ஜெர்சி இரத்தம் மிகுந்தவற்றில், வேறு வகையான தடை தோன்றுகிறது. ஈனும் தறுவாயில் சீம்பால் சுரப்பதற்காக மடி இரத்தத்திலுள்ள சுண்ணாம்புச் சத்தை வேகமாக இழுத்துக்கொள்கிறது. 100 மில்லி இரத்தத்தில் 8 முதல் 10 மில்லிகிராம் வரை இருக்க வேண்டிய கால்சியம் திடீரெனச் சரியும்போது, தசைகள் சுருங்கும் சக்தியை இழக்கின்றன. கருப்பையும் ஒரு தசைதானே! வழி திறந்திருக்கும், கன்றும் சரியான நிலையில் இருக்கும். தள்ளுவாரின்றி அப்படியே நிற்கும். காது சில்லிட்டு, மாடு தள்ளாடிப் படுத்து, கழுத்தை விலாப்பக்கம் திருப்பி வைத்துக்கொள்ளும் பால் சுரம் என்னும் நோயின் தொடக்கமும் இதுவே. வைத்தியர் கால்சியம் மருந்தை இரத்தக்குழாயில் மெதுவாக ஏற்றினால், சோர்ந்த கருப்பை மறுபடி வேலைசெய்யத் தொடங்கும். இதைத் தடுப்பதாக எண்ணிப் பால் வற்றிய மாதங்களிலேயே கால்சியம் டானிக்கைப் பாட்டில் பாட்டிலாக ஊற்றுவது விபரீத பலனையே தரும். தீனியில் கால்சியம் மலிந்து கிடக்கும்போது, எலும்பிலிருந்து அதை எடுத்துக்கொள்ளும் ஏற்பாடு உடம்பில் உறங்கிவிடுகிறது. ஈனும் நாளில் அவசரத் தேவை வரும்போது அது விழித்தெழத் தாமதமாகிறது. ஈற்றுக்கு முன் எதை, எப்போது கொடுக்க வேண்டும் என்பதை வைத்தியரிடம் கேட்டுச் செய்வதே உத்தமம்.

நாள் முழுதும் சிமெண்டுத் தரையில் கட்டுக்கயிற்றின் நீளமே உலகமாய் நிற்கும் மாட்டின் தசைகள் தளர்ந்துபோகின்றன. சினை மாட்டைத் தினமும் சற்று நேரம் அவிழ்த்து நடத்தி வருவது, செலவில்லாத மருந்து. கன்றின் பருமனில் பருவகாலத்துக்கும் சிறு பங்கு உண்டு: குளிர்காலத்துக் கன்றுகள் கோடைகாலத்துக் கன்றுகளைவிடச் சற்றுக் கனமாகப் பிறக்கின்றன. கோடையில் உடலைக் குளிர்விக்க இரத்தம் தோலுக்கு ஓடுவதால், கருப்பைக்குச் செல்லும் பங்கு குறைகிறது. நம் சமவெளியில் இந்த வித்தியாசம் பெரிதன்று.

பிரசவத்தைத் தொடங்கி வைப்பது தாயா, கன்றா? நியூசிலாந்தின் ஆக்லாந்து நகரில் லிக்கின்ஸ் என்னும் மருத்துவர் 1960களில் செம்மறி ஆடுகளிடம் ஆராய்ந்து, குட்டியே நாளைக் குறிக்கிறது என்று நிரூபித்தார். முதிர்ந்த கருவின் மூளையடிச் சுரப்பி தூண்ட, அதன் அட்ரினல் சுரப்பி கார்ட்டிசால் என்னும் ரசத்தைப் பெருக்குகிறது. அது நஞ்சுக்கொடியின் வேலையை மாற்றி, கர்ப்பத்தை அமைதியாய் வைத்திருந்த புரோஜெஸ்டிரோனைக் குறைத்து, கருப்பையைச் சுருங்கச்செய்யும் ரசங்களை மிகுவிக்கிறது. பசுவிலும் இதுவே நியதி. மடி இறங்கி, வாலடியின் இருபக்கமும் குழி விழுந்து, கண்ணாடிபோல் சளி ஒழுகத் தொடங்கியதும் நேரம் நெருங்கிவிட்டது என்று அறியலாம். முதல் கட்டத்தில் கருப்பைவாய் திறக்கிறது. மாடு அமைதியிழந்து எழுவதும் படுப்பதுமாக இருக்கும். இதற்குப் பசுவில் 2 முதல் 6 மணி நேரமும், கிடேரியில் 12 மணி நேரம் வரையும் ஆகலாம். அதன்பின் தண்ணீர்க்குடம் தோன்றி உடைய, முன்னங்கால்கள் இரண்டும், அவற்றின்மேல் சாய்ந்த முகமும் வரும். நூற்றுக்குத் தொண்ணூற்றைந்து கன்றுகள் இவ்வாறு முன்புறமாகவே வருகின்றன.

முன்புறமாக வந்தாலும் ஒரு கால் முழங்காலில் மடிந்தோ, தலை பின்புறம் விலாவை நோக்கித் திரும்பியோ நின்றுவிடலாம்; அந்த நிலையில் எவ்வளவு இழுத்தாலும் கன்று வராது. சில கன்றுகள் பின்னங்கால்களை முதலில் நீட்டி வருகின்றன. வேறு சில, கால்களை வயிற்றோடு மடக்கி, வாலை மட்டும் வாயிலில் காட்டி நிற்கின்றன. வெளியே தெரியும் கால் முன்னதா பின்னதா என்று அறிய எளிய வழி ஒன்று உண்டு. குளம்புக்கு மேலுள்ள மூட்டும் அதற்கு அடுத்த மூட்டும் ஒரே திசையில் மடங்கினால் அது முன்னங்கால். எதிரெதிர்த் திசையில் மடங்கினால் பின்னங்கால். பின்புறமாக வரும் கன்றுக்கு நேரம் மிகக் குறைவு. அதன் இடுப்பு வெளிவரும் சமயத்தில் தொப்புள்கொடி எலும்புக்கும் உடலுக்கும் இடையே நசுங்குகிறது. தலையோ இன்னும் உள்ளே நீரில் கிடக்கிறது.

மாடு பல மணி நேரம் அவதிப்பட்டும் தண்ணீர்க்குடமே தென்படவில்லை என்றால், கர்ப்பப்பை முறுக்கிக்கொண்டதோ என்று ஐயுற வேண்டும். நம் நாட்டில் எருமைகளில் இது மிகுதி, பசுவிலும் உண்டு. மாடு எழும்போது பின்புறத்தை முதலில் உயர்த்துகிறது. அந்தக் கணத்தில் சினையுற்ற கருப்பை வயிற்றுள் தொங்கும் நிலையில் இருப்பதால், கால் வழுக்கினாலோ, கன்று உள்ளே பலமாகத் திரும்பினாலோ அது தன் அச்சில் சுழன்றுவிடுகிறது. முறுக்கிய வழியில் கன்று வருவதற்கு இடமே இல்லை. முறுக்கின் திசையை வைத்தியர் கைவிட்டுப் பார்த்து அறிந்து, மாட்டைப் படுக்கவைத்து, வயிற்றின்மேல் பலகையை அழுத்தி நிறுத்தி, முறுக்கிய திசையிலேயே மாட்டை உருட்டுவார். பலகை கருப்பையை அசையாமல் பிடித்திருக்க, உடல் சுழன்று அதை எட்டிப்பிடிக்க, முறுக்கு அவிழ்கிறது. காலையில் அழைத்தால் உருட்டலில் தீரும் இது, மறுநாள் அழைத்தால் அறுவையிலும் தீராமல் போகக்கூடும்.

பசு ஈனும்போது தனிமையை நாடும் பிராணி. மந்தையில் இருந்தாலும் ஒதுக்குப்புறமாக விலகிச் சென்றே ஈனும். அப்படிப்பட்ட ஜீவனைச் சுற்றித் தெருவே கூடி, விளக்கை முகத்தில் அடித்து, நாயும் சிறுவரும் சத்தமிட நின்றால், பயத்தால் சுரக்கும் அட்ரினலின் கருப்பையின் சுருக்கத்தையே தடுத்துவிடுகிறது. முதல் கட்டத்தில் இருக்கும் கிடேரியை இடம் மாற்றுவதும் நல்லதன்று. உலர்ந்த வைக்கோல் பரப்பிய அமைதியான மூலையில் விட்டு, ஒருவர் மட்டும் தள்ளி நின்று கவனித்தால் போதும். இரவில் ஈன்றால் உதவிக்கு ஆள் கிடைப்பது அரிது. கனடாவின் மனிடோபா மாகாணத்துப் பண்ணையாளர் கோனேபல், பிரதான தீனியை இரவில் வைத்தால் மாடுகளில் பெரும்பாலானவை பகலிலேயே ஈனுகின்றன என்று கண்டு சொன்னார். கடைசி வாரங்களில் இதைச் செய்து பார்ப்பதில் நஷ்டம் ஒன்றுமில்லை.

எவ்வளவு பொறுப்பது, எப்போது அழைப்பது என்பதில்தான் பெரும்பாலோர் தடுமாறுகிறார்கள். தண்ணீர்க்குடம் தெரிந்து ஒரு மணி நேரமாகியும் கால் தென்படாவிட்டாலும், கால் தெரிந்த பின் அரை மணி நேரம் பலமாக முக்கியும் முன்னேற்றம் இல்லாவிட்டாலும், ஒரு கால் மட்டும் வந்தாலும், கால்கள் வந்து மூக்கு வராவிட்டாலும் தாமதிக்கலாகாது. கால்நடை ஆம்புலன்சை 1962 என்ற எண்ணில் கட்டணமின்றி அழைக்கலாம். இந்த அறிகுறிகள் தோன்றுமுன் அவசரப்பட்டுக் கைவைப்பதும் தீங்கே. கருப்பைவாய் முழுதும் திறக்குமுன் இழுத்தால் அது கிழிந்து, இரத்தப்பெருக்கால் மாடு சாகக்கூடும்.

நாலைந்து ஆண்பிள்ளைகள் கயிறு கட்டித் தரையில் காலை ஊன்றி ஒரே மூச்சாக இழுக்கும் காட்சியைக் காணும்போதெல்லாம் மனம் பதறுகிறது. கன்றின் கால் முறிவதும், தாயின் இடுப்பு நரம்பு நசுங்கி அது மீண்டும் எழுந்திருக்காமற்போவதும், கருப்பையே பிதுங்கி வெளியே வந்துவிடுவதும் இந்தப் பலாத்காரத்தின் விளைவுகள். இருவரின் பலத்துக்கு வராத கன்று, பத்துப் பேரின் பலத்துக்கு உயிரோடு வராது. நிலை சரியாய் இருந்து, வைத்தியரும் அருகில் இல்லாத நெருக்கடியில் உதவ நேர்ந்தால், கையைச் சோப்பிட்டுக் கழுவி, வழியில் வழுவழுப்பான சுத்தமான திரவத்தைத் தாராளமாய்த் தடவி, கயிற்றைக் குளம்பு மூட்டுக்கு மேலே ஒரு சுற்றும் கீழே ஒரு சுற்றுமாகப் போட்டு, மாடு முக்கும்போது மட்டும் ஒரு காலையும் மறு காலையும் மாற்றி மாற்றி இழுக்க வேண்டும். அது ஓய்ந்தால் நாமும் ஓய வேண்டும். தலையும் தோளும் வெளிவந்தபின், மாட்டின் பின்னங்கால் மூட்டை நோக்கிச் சற்றுக் கீழ்முகமாக இழுப்பது பாதையின் வளைவுக்கு ஒத்தது. கன்றின் இடுப்பு மாட்டிக்கொண்டால், இழுவையை நிறுத்திக் கன்றின் உடலைக் கால் சுற்றுத் திருப்பினால், அகலமான பக்கம் வளையத்தின் உயரத்தோடு பொருந்தும்.

இவை எதனாலும் ஆகாதபோது, இடப்பக்க விலாவில் மரத்துப்போகும் ஊசி போட்டு, மாடு நின்ற நிலையிலேயே வயிற்றைத் திறந்து கன்றை எடுக்கும் அறுவை முறை இருக்கிறது. அந்தப் பக்கத்திலுள்ள பெரிய இரைப்பை குடலை வெளியே சரியவிடாமல் தடுப்பதால் அப்பக்கத்தைத் தெரிந்தெடுக்கிறார்கள். நேரத்தோடு செய்தால் தாயும் கன்றும் பிழைப்பது நிச்சயமாய் நடக்கக்கூடியதே. கன்று இறந்துபோயிருந்தால், தாயைக் காக்க அதைத் துண்டித்து எடுப்பதும் உண்டு.

வருந்திப் பிறந்த கன்று மூச்சுக்குத் திணறும். அதைத் தலைகீழாகத் தூக்கிச் சுழற்றுவது தவறு. குடலின் பாரம் மூச்சுத்தசையை அழுத்திவிடும். வாயிலும் மூக்கிலும் உள்ள சளியை வழித்தெடுத்து, மார்பு தரையில் படும்படி உட்காரவைத்து, வைக்கோல் நுனியால் மூக்கினுள் சீண்டி, கோணிச்சாக்கால் உடம்பைத் தேய்த்தால் மூச்சு வரும். தொப்புளில் அயோடின் தடவி, இரண்டு மணி நேரத்துக்குள் சீம்பால் ஊட்ட வேண்டும். நஞ்சுக்கொடி விழுந்த பிறகே சீம்பால் கறக்க வேண்டும் என்னும் பழைய நம்பிக்கையால் எத்தனையோ கன்றுகள் பலவீனப்பட்டு மாண்டன. கன்று ஊட்டும்போது தாயின் உடலில் சுரக்கும் ரசம் கொடி விழுவதற்கே உதவி செய்கிறது. கொடியில் கல்லையோ கட்டையையோ கட்டித் தொங்கவிடும் வழக்கத்தை அறவே விட வேண்டும்; 12 மணி நேரத்துக்கு மேலும் விழாவிட்டால் வைத்தியருக்குச் சொல்ல வேண்டும்.

கடினமாக ஈன்ற மாட்டுக்குக் கருப்பையில் சீழ் பிடிப்பதும், பால் குறைவதும், அடுத்த சினை தள்ளிப்போவதும் இயல்பு. இரண்டு மாதமாவது இடைவெளி கொடுத்து, வைத்தியரைக் கொண்டு கருப்பை பழைய நிலைக்கு வந்ததா என்று பரிசோதித்து, அதன்பிறகே ஊசி போட வேண்டும். கன்றின் நிலை பிசகியதால் நேர்ந்த சங்கடம் மறு ஈற்றில் திரும்ப வர வேண்டிய அவசியமில்லை. கன்றின் பருமனால் நேர்ந்ததாயின், இரண்டாம் ஈற்றுக்குள் இடுப்பும் சற்று விரிந்திருக்கும். ஊசி போடுகிறவரிடம் முந்திய குச்சியின் எண்ணைக் காட்டி, அந்தக் காளையை விலக்கி, இலகுவாகக் கன்று தரும் ஜெர்சிக் காளையின் குச்சியைக் கேட்டு வாங்கலாம்.